டி.எம்.சி.யில் அடங்காத தண்ணீர்

நாகப்பட்டினம் மாவட்டத்தில் எந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் விவசாயியைக் கேட்டாலும் மூன்று எண்களை மூச்சுவிடாமல் சொல்வார். காவிரியில் தமிழ்நாட்டுக்கு நடுவர் மன்றம் 1991 இடைக்கால உத்தரவில் கொடுத்தது 205. 2007 இறுதித் தீர்ப்பில் 192. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று சொன்னது 177.25. எல்லாம் டி.எம்.சி. பேரப் பிள்ளையின் பிறந்தநாள் மறந்தாலும் இவை மறக்காது. 192 எப்படி 177.25 ஆனது என்பதும் அவருக்குத் தெரியும். பெங்களூருவின் குடிநீருக்கு 4.75 போனது. மீதி 10, நம் காலடியில் இருப்பதாகச் சொல்லிக் கழிக்கப்பட்டது. தமிழ்நாட்டுக் காவிரிப் படுகைக்குக் கீழே 20 டி.எம்.சி. நிலத்தடி நீர் உண்டு, அதில் பாதியைக் கணக்கில் எடுக்கலாம் என்பது நீதிமன்றத்தின் கருத்து.

அன்றைக்குக் கொதித்தோம். கடைமடையில் பூமிக்குள் இருப்பது உப்புத் தண்ணீர், அதை எப்படிப் பங்கில் கழிப்பீர்கள் என்று கேட்டோம். நியாயமான கேள்விதான். அந்தக் கேள்வியை உப்போடு நிறுத்திக்கொண்டதைத்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது. அந்த நிலத்தடி நீரில் உப்பைத் தவிர வேறென்ன கரைந்திருக்கிறது, அதை நம் பெண்டு பிள்ளைகள் குடிக்கலாமா என்று எங்கள் மேடை எதுவும் கேட்டதில்லை.

ஒரு டி.எம்.சி. என்பது ஏறக்குறைய 2,831 கோடி லிட்டர். குடிநீரில் ஆர்செனிக் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் மைக்ரோகிராம். அந்த எல்லையைத் தொட்டு நிற்கும் தண்ணீர் ஒரு டி.எம்.சி. இருந்தால், அதற்குள் 283 கிலோ ஆர்செனிக் கரைந்திருக்கும். வேனில் ஏற்றலாம், எடை போடலாம். அதே தண்ணீரை ஒரு குடத்தில் மொண்டு பார்த்தால் நிறமில்லை, மணமில்லை, நாக்குக்கும் ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூடப் பெருக்கல்தான் இது. முப்பது ஆண்டுக்கு மேலாக டி.எம்.சி. பேசிய எங்களில் ஒருவரும் போட்டுப் பார்த்ததில்லை.

எங்கள் என்றால் யார் என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. விவசாயிகள் சங்கத்தில் பொறுப்பு வகித்தவர்கள், மாவட்டச் செய்தி எழுதியவர்கள், பள்ளியில் வேதியியல் நடத்தியவர்கள், ஊராட்சித் தலைவர்களாக இருந்தவர்கள், ஆட்சியர் அலுவலக வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தவர்கள். இந்த மாவட்டத்தில் செங்கொடிச் சங்கங்களுக்கு வேர் ஆழம்; கிளைக் கூட்டம் என்றால் அதில் சுயவிமர்சனம் என்று ஓர் அம்சம் இருந்தே தீரும். தீர்மானம் நிறைவேறியதும் தேநீர் வருவதற்கு முன் அவசரமாக முடித்துவிடும் அம்சம் அது. ஆட்களை ஏன் திரட்டவில்லை, சந்தாவை ஏன் வசூலிக்கவில்லை என்பதோடு முடிந்துபோகும். இந்த முறை கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வோம்.

எங்கள் ஊரில் ஆறும் கிணறும் வேறு வேறல்ல. மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தால், கல்லணைக்கு வந்த தண்ணீர் வெண்ணாற்றில் இறங்கி, தென்பெரம்பூரில் வெட்டாறாகப் பிரிந்து, நாகூர்க் கடலை எட்டிப்பார்க்க வாரக்கணக்கில் ஆகும். வழியெல்லாம் மணல் குடிக்கும். ஆறு ஓடும் மாதங்களில் கரையோரக் கிணறுகளின் மட்டம் ஏறும். மாசி போய்ப் பங்குனி பிறந்து ஆறு படுத்துவிட்டால், ஏறிய நீர் பள்ளம் பார்த்து ஆற்றுக்குத் திரும்பக் கசியும். கோடையில் கடுவையாற்றுக்குள் கடல் ஏற்றத்தோடு உப்புநீர் நுழைய, கதவணையில் கதவை இறக்கித் தடுப்பார்கள். கடலோரக் கிராமங்கள் பலவற்றில் மேலாகக் கொஞ்சம் நல்ல தண்ணீர், அதற்குக் கீழே உப்பு. அந்த மெல்லிய நல்ல நீரில்தான் அடிபம்பு இறங்கியிருக்கிறது. வயலில் போட்டது, வாய்க்காலில் விட்டது, கரையில் கொட்டியது எதுவானாலும் முதலில் போய்ச் சேரும் இடமும் அதுதான்.

இதில் நெல்லுக்கும் பங்கு உண்டு. வயலில் தண்ணீரைக் கட்டினால் கொஞ்ச நாளில் மண்ணுக்குள் காற்று தீர்ந்துபோகும். காற்று இருக்கும்வரை துருவாகி மண் துகளோடு ஒட்டிக்கிடந்த இரும்பு, காற்று தீர்ந்ததும் கரையத் தொடங்கும். மாங்கனீசும் அப்படித்தான். துருவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த ஆர்செனிக்குக்கும் பிடி விட்டுப்போகும். கரைந்ததெல்லாம் கீழே இறங்கி, மேல்மட்ட நிலத்தடி நீரோடு கலக்கும். அந்த நீர் காற்றுபடும் ஆற்றுப் படுகையில் கசிந்து வெளியே வந்தால் இரும்பு மறுபடி துருவாகிச் சேற்றில் படியும். ஈயம், ஆர்செனிக், செம்பு எல்லாம் கூடவே ஒட்டிக்கொள்ளும். பிறகு ஆகாயத்தாமரை மூடிச் சேற்றில் காற்று கெட்டாலோ, உப்பு ஏறினாலோ, யாராவது கிளறிவிட்டாலோ, படிந்ததில் ஒரு பகுதி திரும்பவும் தண்ணீருக்கு வரும். மேல்நிலைப் பள்ளிப் பாடத்தில் இருக்கும் ஆக்சிஜனேற்றமும் ஒடுக்கமும்தான். கரும்பலகையில் சமன்பாடு எழுதிக் காட்டிய ஆசிரியர்கள் ஜன்னலுக்கு வெளியே இருந்த வயலைக் காட்டவில்லை.

இரும்பு மட்டும் எங்களை ஏமாற்றவில்லை. அது தன்னைக் காட்டிக்கொண்டது. பம்பில் அடித்த தண்ணீர் குடத்தில் தெளிவாக விழும். அரை மணி கழித்துப் பார்த்தால் மேலே பழுப்பு ஆடை கட்டியிருக்கும். சோறு நிறம் மாறும், வேட்டி மஞ்சளாகும். கிராமசபையில் எழுந்து நின்று, "கொடமெல்லாம் செவந்துபோவுதுங்கய்யா, தண்ணி காரலா இருக்கு" என்று சொல்லாத பெண் இல்லை. அதற்கு எங்கள் ஊராட்சிகள் சொன்ன பதில், "பைப்பு துருப்பிடிச்சிருக்கும்மா, மாத்திடலாம்" என்பது. சில இடங்களில் அது உண்மையும்தான். இரும்புக் குழாய் அரித்தும் தண்ணீர் சிவக்கும். ஆனால் குழாயை மாற்றிய பிறகும் சிவந்த பம்புகள் ஏராளம். அங்கே பூமிக்குள் காற்றில்லை, கரையக்கூடியவை கரைந்துகொண்டிருக்கின்றன என்பதற்கு அந்தப் பழுப்பு ஆடை அடையாளம். இரும்பு ஆளைக் கொல்வதில்லை. அதோடு வரும் மாங்கனீசு குழந்தைகளின் மூளையைப் பாதிக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் லிட்டருக்கு 80 மைக்ரோகிராம் என ஒரு தற்காலிக எல்லை வகுத்தது. நம் பெண்கள் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தார்கள். கலங்கல் தெளிய, பாட்டி சொன்னபடி தேற்றான் கொட்டையைப் பானையின் உட்புறம் உரைத்தார்கள். மண் அடியில் தங்கியது. கரைந்த உலோகத்துக்குத் தேற்றான் கொட்டையும் ஒன்றும் செய்யாது, புளியும் ஒன்றும் செய்யாது. இதை அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டியவர்கள், பட்டம் படித்திருந்த நாங்கள்.

உப்பு என்றால் எழுந்து நின்றோம். அதற்கு இந்த மண்ணில் நல்ல பரம்பரையே இருக்கிறது. 1990-களில் கரையோரம் இறால் பண்ணைகள் பெருகிக் கிணறுகள் கரித்தபோது, காந்தியத் தம்பதியான சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும், உழுபவருக்கு நிலம் கேட்ட தங்கள் லாஃப்டி அமைப்பின் மூலம் மக்களைத் திரட்டினார்கள். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போய், 1996 டிசம்பர் 11-இல் தீர்ப்பு வாங்கினார். மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற நெறியைச் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் அந்தத் தீர்ப்பை வைத்துப் படிக்கிறார்கள். பிறகு 2005-இல் கடலோர நீருயிரி வளர்ப்புக்கென்று தனிச் சட்டம் வந்தது, பண்ணைகள் தொடர்ந்தன. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு ஆறாயிரம் பேரைப் புதைத்த கையோடு வயலில் ஏறிய உப்பை அளந்தோம், குளங்களை இறைத்தோம், கிணறுகளில் குளோரின் போட்டோம். அளந்தவை இரண்டு: உப்பும் கிருமியும்.

உப்பு ஏறிய மண்ணில் வேறொன்றும் நடக்கிறது. கடல்நீரிலுள்ள குளோரைடு காட்மியத்தோடு சேர்ந்து, மண்ணில் ஒட்டாமல் நீரோடு நகரும் சேர்மமாக அதை மாற்றிவிடும். அளவு சிறிதாக இருக்கலாம், எல்லையும் சிறிதுதான்: குடிநீரில் காட்மியத்துக்கு லிட்டருக்கு 3 மைக்ரோகிராம். உப்புக்கு எதிராகப் போராடிய அந்தச் சுவடிலேயே இன்னும் இரண்டு அடி வைத்திருந்தால் இந்தக் கேள்விக்கு வந்திருப்போம். நாக்கு கரிப்பைச் சொன்னது, போராடினோம். நாக்கு சொல்லாததைத் தேடிப் போகவில்லை.

மேலே கைகாட்டுவதில் மட்டும் குறை வைக்கவில்லை. திருப்பூர்ச் சாயம் நொய்யலைக் கெடுத்தது, ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு ஆகாமல் சாயநீர்த் தொட்டியானது, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. அத்தனையும் இங்கே பேசப்பட்டது. மேட்டூர் அனல்மின் நிலையச் சாம்பல், ஈரோட்டுத் தோல் பதனிடும் ஆலைகள், கர்நாடகம் விடும் சாக்கடை (2015-இல் தமிழ்நாடு இதற்காக உச்ச நீதிமன்றத்துக்கே போனது) எல்லாவற்றையும் பேசினோம். பேசியதில் பிழையில்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் ஆய்வாளர்கள் காவிரியின் நெடுகிலும் மாதிரி எடுத்து, மருந்துக் கழிவோடு ஆர்செனிக், துத்தநாகம், குரோமியம், ஈயம், நிக்கல் ஆகியவையும் கணிசமாகக் கலந்திருப்பதாக 2021-இல் அறிவித்தார்கள். எங்கள் பத்திரிகைகளில் மாத்திரை தலைப்பானது. உலோகங்களின் பெயர்கள் கடைசிப் பத்தியில் வந்தன, அதுவும் இடம் இருந்த பதிப்புகளில்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-இல் வெளியிட்ட மாசுபட்ட ஆற்றுப் பகுதிகளின் பட்டியலில் காவிரி முதல் தரத்தில் இருக்கிறது, மேட்டூர் முதல் மயிலாடுதுறை வரை. அந்தப் பட்டியல் தண்ணீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவையை வைத்துப் போட்டது, அதாவது பெரும்பாலும் சாக்கடையின் கணக்கு; உலோகம் அதில் அளவுகோல் அல்ல. மயிலாடுதுறையோடு முடிகிறதே, வெட்டாறு, கடுவையாறு, வெள்ளையாறு, பாண்டவையாறு, அரிச்சந்திரா நதியெல்லாம் யார் பொறுப்பு என்று கேட்டு நாங்கள் ஒரு மனு எழுதியிருக்கலாம். பட்டியலில் நம் பெயர் இல்லையே என்று நிம்மதிப்பட்டோம் என்பதுதான் உண்மை. பட்டியலில் இல்லாத ஆறு சுத்தமான ஆறு என்று எடுத்துக்கொள்வது எங்களுக்கு வசதியாக இருந்தது.

நம் கையால் சேர்ந்ததைப் பார்ப்போம். பாஸ்பேட் உரம் பாறையிலிருந்து வருகிறது. அந்தப் பாறையில் கொஞ்சம் காட்மியம் உண்டு, மூட்டைக்கு மூட்டை அளவு மாறும். டெல்டா மண்ணில் துத்தநாகக் குறை இருப்பதால் ஹெக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட் போடச் சொன்னார்கள், போட்டோம். பயிருக்கு அது தேவை, அதில் தவறில்லை. மண் பரிசோதனை அட்டையைப் பார்க்காமல் வருடா வருடம் போட்டதுதான் தவறு. பூஞ்சணத்துக்கும் குளத்துப் பாசிக்கும் மயில்துத்தம். துறைமுகத்தில் விசைப்படகுகளின் அடிப்பாகத்தில் சிப்பி ஒட்டாமலிருக்கப் பூசும் பெயிண்டில் செம்பு. கரையேற்றிச் சுரண்டும்போது அந்தத் தூள் கடுவையாற்றுச் சேற்றில் விழுகிறது. வலையில் கட்டும் ஈயக் குண்டு. செத்துப்போன பேட்டரியை உடைத்து ஈயத்தை எடுத்துக்கொண்டு அமிலத்தை வாய்க்காலில் கவிழ்க்கும் கொல்லைப்புறத் தொழில். வீட்டுக்கு வீடு ஆழ்துளைக் கிணற்றில் இறக்கிய பிவிசி குழாயில் ஈயச் சேர்மம் கலப்பதைக் கட்டுப்படுத்த ஒன்றிய அரசு விதி போட்டதே 2021-இல்தான். பூமிக்குள் இறங்கியிருக்கும் குழாய்களில் பெரும்பாலானவை அதற்கு மூத்தவை.

பெரிய தொழிற்சாலையைப் பற்றிப் பேசும்போதும் எங்கள் கண் குறிப்பிட்ட இடங்களிலேயே நின்றது. நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது, பனங்குடியில் 1993-இல் சுத்திகரிப்பு ஆலை வந்தது, பிறகு அதைப் பெரிதாக்கும் திட்டமும் வந்தது. நிலத்துக்கு இழப்பீடு என்ன, வேலை எத்தனை பேருக்கு என்பதற்காகக் கடுமையாகவே போராடினோம். 2023 மார்ச்சில் நாகூர் பட்டினச்சேரியில் கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்தபோது மீனவர்கள் வேலைநிறுத்தம் செய்து குழாயையே அகற்ற வைத்தார்கள். மேலே மிதந்த எண்ணெயை எல்லாரும் பார்த்தோம். கச்சா எண்ணெயில் நிக்கலும் வனேடியமும் உண்டு. எண்ணெய் கரைந்து காணாமல் போனபின் சேற்றில் அவை எவ்வளவு என்று அடுத்த மழைக்குப் பின் அளக்கச் சொல்லும் கோரிக்கையை நாங்கள் ஒரு வரியாகச் சேர்த்திருக்கலாம்.

இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் மீத்தேன் எடுக்கும் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராக நடந்து, அந்தப் போராட்டக் களத்திலேயே 2013 டிசம்பர் 30-இல் கண்மூடினார். கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று குழாய் உடைந்து வயலில் எண்ணெய் பாய்ந்தது. இவற்றின் வழியாகத்தான் 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. நாகையில் வெடி வெடித்து இனிப்புக் கொடுத்தோம். அந்தச் சட்டத்தின் தடைப் பட்டியலை நிதானமாகப் படித்தவர்கள் குறைவு. துத்தநாக உருக்காலை, செம்பு உருக்காலை, அலுமினிய உருக்காலை, இரும்புத் தாது ஆலை, தோல் பதனிடும் ஆலை, கப்பல் உடைக்கும் தொழில் என்று அடுக்கிக்கொண்டே போகிறது. எண்ணெய், எரிவாயுவை எடுத்துவிட்டுப் பார்த்தால் பெரும்பாலும் உலோகங்களின் பட்டியல். சட்டம் எழுதியவர்களுக்கு எது டெல்டாவுக்கு ஆகாது என்று தெரிந்திருக்கிறது. புதிதாக வராமல் தடுக்கும் சட்டம் அது. முன்பே வந்தவற்றை அது தொடவில்லை, ஏற்கெனவே மண்ணில் இருப்பதை அளக்கச் சொல்லவுமில்லை. அளக்கச் சொல்லி அடுத்த போராட்டம் நாங்கள் நடத்தியிருக்க வேண்டும். வெடிச் சத்தத்தோடு கலைந்துவிட்டோம்.

தூர்வாரல் கதை இதைவிட மோசம். ஆண்டுதோறும் மேட்டூர் திறப்புக்கு முன் ஏப்ரல், மே மாதங்களில் பொக்லைன்கள் இறங்கும். எத்தனை கிலோமீட்டர், எத்தனை கனமீட்டர், எத்தனை கோடி என்று பலகை நடுவார்கள். பலகையில் எழுதியபடி வேலை நடந்ததா என்று பார்க்க எங்கள் சங்கங்கள் டேப்பைப் பிடித்துக்கொண்டு அளந்தன. அது பெருமைக்குரிய கண்காணிப்புதான், சந்தேகமில்லை. ஆனால் நகரத்துக்குக் கீழே, துறைமுகத்துக்குப் பக்கத்தில், குப்பைமேட்டின் காலடியில் ஓடும் வடிகாலிலிருந்து அள்ளிய கறுப்புச் சேறு என்னவானது? கரையில் கொட்டினார்கள். காற்றுப்பட்டதும் அந்தச் சேற்றிலுள்ள கந்தகம் அமிலமாகும், கட்டுண்டிருந்த உலோகம் அவிழும், ஐப்பசி மழை அதைத் திரும்ப ஆற்றுக்கும் பக்கத்துக் கிணற்றுக்கும் அனுப்பும். நல்ல வண்டல் என்று சொல்லி வயலுக்கு வண்டியில் ஏற்றிப் போனவர்களும் உண்டு. நூறு நாள் வேலையில் வெறுங்காலோடு அந்தச் சேற்றில் நின்றவர்கள் பெண்கள். ஒரு கைப்பிடிச் சேற்றைப் பையில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தாலே தெரிந்திருக்கும்.

மேட்டூருக்கு மேலே இருப்பவர்களைத் திட்டுவதைவிட, தெருவின் அந்தப் பக்கம் இருப்பவர்களைப் பார்ப்பது கடினம். எங்கள் வீடுகளில் இருபது லிட்டர் கேன் வந்து வெகுகாலமாகிறது. சமையலறையில் ஆர்.ஓ. கருவி. டிடிஎஸ் மீட்டரைத் தண்ணீரில் வைத்து எண்ணைப் பார்த்து, "நூறுதான் இருக்கு, நல்ல தண்ணி" என்று தலையாட்டும் படித்தவர்கள் நாங்கள். அந்த மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும். லிட்டரில் 20 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலும் அதன் எண் மாறாது. கொள்ளிடத்துக் கூட்டுக் குடிநீர் பல ஊர்களுக்கு வந்துவிட்டது, அது பெரிய காரியம். குழாய் உடைந்த நாளிலும் மின்சாரம் போன வாரத்திலும் காலனித் தெரு அடிபம்புக்குத்தான் போகிறது. நடவுக்கும் அறுப்புக்கும் போகும் பெண்கள் களைத்தபோது குடிப்பது வயலோரத்துப் பம்புசெட்டு நீரை. அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்கள் எங்கள் கூட்டங்களில் பந்தலுக்கு வெளியே, வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். மேடையிலிருந்து பேசியவர்களின் மேசையில் பாட்டில் தண்ணீர் இருந்தது. நிலத்தடி நீரைக் குடிப்பதை நாங்கள் நிறுத்திய அன்றே அதைப் பற்றிக் கேட்பதையும் நிறுத்திவிட்டோம்.

ஊராட்சிகளுக்குக் கொடுத்த நீர்ப் பரிசோதனைப் பெட்டியைத் திறந்து பார்த்தால் பன்னிரண்டு சோதனைகள் இருக்கும்: அமில காரத்தன்மை, கடினத்தன்மை, குளோரைடு, ஃப்ளூரைடு, இரும்பு, நைட்ரேட் இப்படி. நல்ல பெட்டி. வாட்டர் டேங்க் ஆபரேட்டரும் சுயஉதவிக் குழுப் பெண்களும் அதை அருமையாகக் கையாளுகிறார்கள். அதில் ஈயம் இல்லை, காட்மியம் இல்லை, ஆர்செனிக் இல்லை. அவற்றுக்குப் பெரிய ஆய்வகமும் பெரிய கருவியும் வேண்டும். பன்னிரண்டும் பாஸ் என்றால் பதிவேட்டில் "குடிக்க உகந்தது" என்று எழுதுகிறோம். சோதிக்காத பாடத்துக்கும் சேர்த்துப் போட்ட பாஸ் அது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களிலிருந்து ஆய்வு மாணவர்கள் வந்திருக்கிறார்கள். நாங்களே பம்பை அடித்துப் பாட்டிலை நிரப்பிக் கொடுத்து, இளநீர் வெட்டி உபசரித்து அனுப்பியிருக்கிறோம். முடிவு ஆங்கில ஆய்விதழில் வரும். எங்கள் பம்பில் என்ன இருந்தது தம்பி என்று ஒரு போன் போட்டுக் கேட்டவர் எங்களில் யாருமில்லை.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வங்காளம் இருக்கிறது. குளத்துத் தண்ணீரில் காலரா வருகிறதென்று 1970-களில் யுனிசெஃப் உதவியோடு லட்சக்கணக்கில் அடிபம்பு போட்டார்கள். நல்ல நோக்கம். கிருமியைச் சோதித்தார்கள், ஆர்செனிக்கைச் சோதிக்கவில்லை. 1983-இல் கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல் மருத்துவர் கே.சி. சாகா உள்ளங்கையில் தடிப்போடும் உடலில் கரும்புள்ளிகளோடும் வந்தவர்களைப் பார்த்து, அவர்கள் குடித்த தண்ணீர்வரை போனார். 1992-இல் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் வங்கதேசக் கிணற்று நீரில் பல தனிமங்களைச் சோதித்தது. பட்டியலில் ஆர்செனிக் இல்லை. பாதிக்கப்பட்ட கிராமத்தார் லண்டன் வரை வழக்குக்குப் போனார்கள். அதைச் சோதிக்க வேண்டிய கடமை அந்த நிறுவனத்துக்கு இல்லை என்று 2006-இல் பிரபுக்கள் சபை தள்ளிவிட்டது. எங்கள் பன்னிரண்டு சோதனைப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வழக்கு நினைவுக்கு வர வேண்டும்.

காவிரி மண் இமயமலை மண் அல்ல. மேலே இருப்பது பழமையான வேறு வகைப் பாறை. வங்காளத்தின் அளவை இங்கே பொருத்திப் பயமுறுத்துவது நேர்மையாகாது. கரைக்கும் வேதியியல் மட்டும் இரண்டு டெல்டாவுக்கும் பொது. நெல்லில் இன்னொரு சிக்கலும் உண்டு. வயலில் நீர் நின்றால் ஆர்செனிக் கதிருக்கு ஏறும், வயல் காய்ந்தால் காட்மியம் ஏறும். மேட்டூர் தாமதமாகத் திறந்து, முறைவைத்து விட்டு, சம்பா பாதியில் காயும் ஆண்டுகளில் நம் வயல்கள் இரண்டு நிலையையும் ஒரே பருவத்தில் பார்க்கின்றன. ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் பாசனத்து நெல்லைத் தின்ற விவசாயப் பெண்களின் எலும்புகள் நொறுங்கின. மேலே கமியோகா சுரங்கத்திலிருந்து வந்த காட்மியம்தான் காரணம் என்று அந்நாட்டு அரசு 1968-இல் ஒப்புக்கொண்டது. வயல்களின் மேல்மண்ணை மாற்றும் வேலை 1979-இல் தொடங்கி 2012-இல்தான் முடிந்தது. அந்த ஆற்றுக்கு மேலே ஒரு சுரங்கம் இருந்தது, குற்றவாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடிந்தது. நமக்கு அந்த வசதியும் இல்லை. உரக்கடை, படகுத்துறை, பேட்டரிக் கடை, குழாய், மேலே பல நூறு கிலோமீட்டர் தொழிற்சாலைகள் என்று கொஞ்சம் கொஞ்சமாக எல்லாரும்.

செய்ய வேண்டியது பெரிய வித்தையல்ல. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் கிராமசபையில் ஒரு தீர்மானம். ஆறு ஓடும்போது ஒரு முறை, ஆறு காய்ந்த பிறகு ஒரு முறை, ஒவ்வொரு பொது அடிபம்பிலும், அதற்கு நேரான ஆற்றிலும் சேற்றிலும் மாதிரி. பம்பைச் சில நிமிடம் அடித்து நின்ற நீரை வெளியேற்றிவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளாமலிருக்க நைட்ரிக் அமிலம் விட்டு, குடிநீர் வாரியத்தின் மூலம் உலோகம் பார்க்கும் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். முடிவு தமிழில், ஊராட்சிச் சுவரில் எழுதப்பட வேண்டும். இந்தத் தீர்மானத்தை யார் முன்மொழிவது என்பதில் சங்கங்களுக்குள் போட்டி வந்தால் சந்தோஷம்.

முடிவு வந்த பிறகுதான் உண்மையான பரீட்சை. வங்கதேசத்தில் ஏறக்குறைய ஐம்பது லட்சம் கிணறுகளைச் சோதித்து, ஆகாததற்குச் சிவப்பும் ஆகக்கூடியதற்குப் பச்சையும் அடித்தார்கள். சிவப்புப் பம்புக்காரர்கள் பச்சைப் பம்பைத் தேடி அடுத்த வீட்டு வாசலுக்குப் போனார்கள். இந்த மாவட்டத்தில், கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25 இரவில் தலித் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். ஆண்டுதோறும் அங்கே போய் மலர் வளையம் வைக்கிறோம். காலனித் தெருப் பம்பில் சிவப்பு அடித்து, ஊர்த்தெருப் பம்பில் பச்சை அடித்தால், மறுநாள் விடியற்காலையில் குடத்தோடு வரும் பெண்களுக்கு ஊர்த்தெரு வழிவிடுமா, அப்படி விடாவிட்டால் நாங்கள் எந்தத் தெருவில் நிற்போம் என்பதையும் அதே கிராமசபையில், அதே தீர்மானத்தில், பெயர்களோடு எழுதிவைக்க வேண்டும்.